தினப்படி எழுதி வைப்பது

வருஷத்துக்கு ஒரு நோட்டு என்ற கணக்கில் 1975-லிருந்து குடும்ப விஷயங்களை எழுதி வருகிறேன். ஐம்பது நோட்டுகள் ஆகிவிட்டன. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல், வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், பவுன் என்ன விலை, மழை எப்போது பிடித்து எப்போது விட்டது, இவ்வளவுதான் அவற்றில் இருக்கிறது. இலக்கியம் எதுவும் கிடையாது. "இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க?" என்று எங்கள் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. பிள்ளை கேட்டான், மருமகள் கேட்டாள், புதுச்சேரியிலிருந்து படப்பைக்கு வீடு மாற்றியபோது அந்தப் பெட்டியைத் தூக்கிய லாரிக்காரர்கூடக் கேட்டார். நீங்களும் வீட்டில் ஏதாவது எழுதி வைக்கிறவராக இருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு என்னிடம் இப்போது ஓரளவு பதில் சேர்ந்திருக்கிறது.

பாண்டிச்சேரிக்காரன் நாட்குறிப்பைப் பற்றி வாயைத் திறந்தால் ஆனந்தரங்கப் பிள்ளையில்தான் போய் நிற்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்தது 1709-ல், சென்னைப் பெரம்பூரில். உறவினர் நைனியப்ப பிள்ளை பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷாக இருந்ததால் குடும்பம் அங்கே போய்க் குடியேறியது. 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில், அவர் எழுதத் தொடங்குகிறார். அப்போது வயது 27. பெரிய பதவி எதுவும் இன்னும் வரவில்லை, வியாபாரிதான். எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தாம் பார்ப்பதையும் கேள்விப்படுவதையும், துறைமுகத்துக்கு வரும் கப்பல், போகும் கப்பல் விவரங்களையும் எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த நாட்கள் வரைக்கும் எழுதினார். கிட்டத்தட்ட 25 வருஷம். நடுநடுவே காணாமல் போன பகுதிகள் போக மிச்சமே பல தொகுதிகள். அதற்குப் பெயர் தினப்படி சேதிக் குறிப்பு. சொஸ்த லிகிதம், அதாவது சொந்தக் கையெழுத்து.

துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்த 1742 முதல் 1754 வரையிலான காலத்துக்காகத்தான் சரித்திரக்காரர்கள் அந்த நாட்குறிப்பைத் தேடிப் போகிறார்கள். சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தது, நவாபின் படை அடையாற்றங்கரையில் தோற்றது, எல்லாம் 1746-ல். அந்த அடையாறு இங்கே எங்கள் பக்கத்து ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீரில்தான் பிறக்கிறது. படப்பைக்கு வந்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. முசாபர் ஜங் பிள்ளைக்கு மன்சப் கொடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் ஜாகீரையும் அளித்தார். இன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம் என்று எழுதும் எங்கள் ஊரும் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம்தான். ஆக பிள்ளைக்கும் எங்களுக்கும் ஒரு தூரத்துச் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் பிள்ளையைப் படிப்பது சண்டைகளுக்காக அல்ல. இத்தனை நாழிகைக்கு இன்னார் வந்தார், இத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், இன்னாருக்குச் சகலாத்து கொடுத்தார்கள், இன்னாரை வாசலிலேயே நிற்க வைத்தார்கள் என்று அவர் எழுதுகிறாரே, அதற்காக. நான் எழுத்தர் வேலை பார்த்தவன். கோப்பில் ஒரு குறிப்பு எழுதும்போது இது நேரில் பார்த்ததா, மனுவில் சொன்னதா, பக்கத்து சீட்டுக்காரர் காதில் போட்டதா என்று பிரித்து எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பிள்ளை அதைத் தானாகவே செய்கிறார். இது எனக்கு இன்னார் சொன்ன சேதி, இது நான் கண்டது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கனவையும் எழுதுகிறார், சகுனத்தையும் எழுதுகிறார், துய்ப்ளெக்ஸ் மனைவியின் மேல் தமக்கு இருந்த கோபத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறார்.

1748 செப்டம்பரில் எழுதியதைப் படிக்கும்போது மட்டும் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். ஆங்கிலேயக் கப்பற்படை பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். அந்தச் சந்தடியில் வேதபுரீசுவரன் கோயிலை இடித்துவிட்டார்கள். ஊரில் தமிழர்களுக்குள் மேலான பதவியில் இருந்தவர் பிள்ளை. அவரிடம் போய் எல்லோரும் நின்றார்கள். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இயலாமையை, பதற்றத்தை, யார் யார் மேல் தமக்கு ஆத்திரம் என்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். வெளியே சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும், இன்னும் என்னென்ன போயிருக்குமோ. நோட்டில் சொல்ல முடிந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னாரா, எவனாவது ஒருநாள் படிக்கட்டும் என்று சொன்னாரா, அதுதான் தெரியவில்லை.

அவருடைய தமிழ் பேச்சுத் தமிழ். பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்த்தால் பக்கத்துக்குப் பத்து சிவப்புக் கோடு போடுவார். தெலுங்கு, பாரசீகம், போர்த்துகீசு, பிரெஞ்சு எல்லாம் கலந்து கிடக்கும். முசே என்பது முசியே, கோன்சேல் என்பது ஆலோசனைச் சபை. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். வீட்டில் தமிழ், பள்ளியில் காலையிலிருந்து மாலை வரை பிரெஞ்சு. அதனால் அந்தப் பக்கங்களை மனசுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால் எனக்குச் சட்டென்று விளங்கிவிடும். எங்கள் தெருவில் வயதானவர்கள் பேசியது கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

அவர் இறந்து 85 வருஷம் கழித்து, 1846-ல், கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார். நகல் எடுத்தார்கள், ஒரு நகல் பாரிசு தேசிய நூலகத்துக்குப் போனது. சில பகுதிகள் பிரெஞ்சில் வந்தன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் போட்டது. தமிழில் எழுதிய புத்தகம் தமிழில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது 1948-ல்தான். 187 வருஷம்! பிற்பாடு பிரபஞ்சன் அதை வைத்து மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தது நான்தான். அந்த வருஷத்து நோட்டில் அதுவும் இருக்கிறது, காபிக்கு ஆன செலவோடு.

இதையெல்லாம் சொன்னால் என் பிள்ளை சிரிக்கிறான். "அப்பா, அவர் துபாஷ். நீங்க எல்.டி.சி.யா சேர்ந்து யு.டி.சி.யா ரிடையர் ஆனவர்" என்கிறான். சரிதான். நான் குறுக்கே ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைக்குப் பிறகு அவருடைய தம்பி பிள்ளையும் அந்த வீட்டில் நாட்குறிப்பு எழுதினார் என்பதை மட்டும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எழுதுவது ஒரு ஆளின் பழக்கமாகத் தொடங்கிச் சில சமயம் வீட்டின் பழக்கமாகிவிடும்.

பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு பழைய வழக்கம் உண்டு. லீவ்ர் த ரெசோன் என்பார்கள். ரெசோன் என்றால் இன்றைக்குக் காரணம், பகுத்தறிவு என்றுதான் பொருள். ஆனால் இங்கே லத்தீனிலிருந்து வந்த பழைய பொருளில் கணக்கு. நம்முடைய நாள்வழி, பேரேடு மாதிரி. குடும்பத் தலைவர் வரவு செலவை எழுதுவார். கூடவே பிள்ளை பிறந்தது, பெண்ணைக் கொடுத்தது, ஆலங்கட்டி மழை விழுந்தது எல்லாம் அதே பக்கத்தில் ஏறும். தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பதினாறாம் நூற்றாண்டில் மோந்தேய்ன் என்ற கட்டுரையாளர் இருந்தார், பிரெஞ்சு படித்தவர்கள் யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. தம் தகப்பனார் வீட்டு நடப்புகளை ஆள் வைத்துத் தினமும் எழுதச் செய்தார் என்றும், அதைத் தாம் தொடராமல் விட்டது முட்டாள்தனம் என்றும் எழுதியிருக்கிறார். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் கட்டுரைகளை எழுதிய மனிதர், வீட்டு நாள்வழியை விட்டுவிட்டேனே என்று வருத்தப்படுகிறார்! அவரும் அடியோடு விடவில்லை. நாட்காட்டி போன்ற ஒரு அச்சுப் புத்தகத்தில் அந்தந்தத் தேதிக்கு எதிரே குழந்தைகள் பிறந்ததையும் இறந்ததையும் குறித்து வைத்திருந்தார். ஆறு பெண்கள் பிறந்து ஒருத்திதான் பிழைத்தாள்.

என் அப்பாவிடமும் ஒரு நாள்வழி நோட்டு இருந்தது. நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, மேலட்டை சிவப்புத் துணி. கடைசி நாள் வரை எழுதினார். ஆனால் கணக்கு மட்டும்தான். பால், விறகு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடத்துப் பணம், ஆயாவுக்கு மாத்திரை. கணக்கைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. நான் பிறந்த அன்றைக்குக்கூட மருத்துவச்சிக்குக் கொடுத்த தொகைதான் இருக்கிறது, பிள்ளை பிறந்தது என்று இல்லை.

இது எங்கள் குடும்பத்தில் சாதாரண விஷயமாக இருந்திருக்கும், 1962 வராமல் இருந்திருந்தால். பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டாலும், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்டு 16-ல். அந்த ஒப்பந்தத்தின்படி அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் 1963 பிப்ரவரி நடு வரைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பொது அறிவுத் தகவல். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆறு மாதமும் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, இந்தப் பேச்சு எரிந்தது. சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீடுகளில், முடிவு சுலபம், பென்ஷன் அங்கிருந்து வருகிறது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ.

எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. சித்தப்பா சைகோனில் பட்டாளத்தில் இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பிற்பாடு சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். எனக்கு அப்போது 12 வயது. அப்பா ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று கதைகள் உண்டு. ஆயா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்பது என் அத்தை சொன்னது. சுதந்திரப் போராட்டத்தில் இருந்த நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்பா யோசித்தார் என்பது அம்மா சொன்னது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சித்தப்பாதான் அண்ணனைத் தடுத்தார், அப்படித் தடுத்துவிட்டுத் தான் மட்டும் போய்விட்டார் என்பது என் அண்ணன் சொன்னது. இந்த மூன்றாவது கதை இரண்டு வீடுகளுக்கும் நடுவே முப்பது வருஷம் கல் மாதிரிக் கிடந்தது. கல்யாணப் பத்திரிகை வரும், ஆள் வராது. அப்பா 1974-ல் போய்ச் சேர்ந்தார். அவர் வாயால் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினால் 1963 பிப்ரவரியில் பால், விறகு, மண்ணெண்ணெய்.

அப்பாவின் கருமாதி முடிந்து அந்த நோட்டுகளை நான் உட்கார்ந்து படித்தேன். அடுத்த வருஷம் என் முதல் நோட்டைத் தொடங்கினேன். கணக்கு எழுதினால் பக்கத்தில் காரணமும் எழுதுவது என்று முடிவு செய்தேன். இன்றைக்கு வரைக்கும் அதுதான் முறை. மிக்சி வாங்கினது என்றால் ஏன் வாங்கினோம், யார் வேண்டாம் என்றார்கள் என்பதும் இருக்கும். வேலைக்குப் போகாமல் என் பெண் மேலே படித்தாள் என்றால் அந்த விவாதம் எத்தனை நாள் நடந்தது, யார் எந்தப் பக்கம் என்பது இருக்கும்.

காரணம் எழுதினால் வம்பும் வரும். என் மனைவிதான் முதல் தணிக்கை அதிகாரி. ஒருநாள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பழைய நோட்டுகளில் பக்க ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். பாதி இடங்களில் "இல்லை". ஓரிடத்தில் "பொய்". இன்னோரிடத்தில், பொங்கலுக்கு 14 பேர் வந்து சாப்பிட்டார்கள் என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில், "சமைச்சது யார்?" அதற்குப் பிறகு நான் சமைத்தவர் பெயரையும் எழுதுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டில் மங்கைத்தாயி அம்மாள் கையில் ஒரு பென்சில் இருந்திருந்தால் நமக்கு இன்னும் எத்தனையோ தெரிந்திருக்கும்.

பெரிய வம்பு 1998-ஆம் வருஷத்து நோட்டில் இருக்கிறது. புதுச்சேரி வீட்டைப் பாகம் பிரித்த வருஷம். அண்ணன், நான், தங்கை. யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றைக்கு ராத்திரி எழுதியிருக்கிறேன், ஏறக்குறைய இருபது பக்கம். என் பிள்ளை அதைப் படித்துவிட்டு, "இந்த இருபது பக்கத்தையும் கிழிச்சிடலாம்ப்பா. அத்தை பேரப் பிள்ளைகளும் நம்ம பசங்களும் ஒண்ணா விளையாடுதுங்க. நாளைக்கு இதைப் படிச்சா என்ன ஆகும்?" என்றான். நியாயமான பேச்சு. அவன் சொன்ன விதத்திலும் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இங்கே என் பிரெஞ்சுப் படிப்பும் ஆபீஸ் வேலையும்தான் உதவின. பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படிக்க எங்கள் ஆபீசில் ஆள் குறைந்துகொண்டே வந்த காலத்தில் எந்தப் பிரிவிலிருந்து வந்தாலும் அவை என் மேஜைக்குத்தான் வரும். நொத்தேர் எழுதிய பத்திரத்தில் ஒரு சொல்லை நீக்க வேண்டுமானால் சுரண்ட மாட்டார்கள். ஒரே ஒரு கோடு, சொல் கீழே தெரிகிற மாதிரி. கடைசியில் இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன, அவை செல்லாது என்று எண்ணிக்கை போட்டுக் கையெழுத்திடுவார்கள். பிறப்புப் பதிவேட்டிலும் அப்படித்தான். ஒருவர் பிறந்ததாக எழுதிய பக்கத்தைப் பிற்பாடு யாரும் தொடுவதில்லை. அவருக்குக் கல்யாணம் ஆனதும் விவாகரத்து ஆனதும் இறந்ததும் அதே பக்கத்தின் ஓரத்தில் ஏறும். ஓரத்தில் இடம் விடுவது அதற்காகவே.

ஆகவே கிழிக்கவில்லை. 2019-ல் தங்கை படப்பைக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தபோது அந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். "படிச்சுட்டு ஓரத்துல நீ என்ன எழுதணுமோ எழுதும்மா" என்றேன். மத்தியானம் முழுக்க மாடி அறையில் இருந்தாள். காபிக்குக்கூட இறங்கி வரவில்லை. சாயந்திரம் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "உன் கையெழுத்து அன்னிக்கு எவ்வளவு அழகா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். மூன்று பக்கங்களின் ஓரத்தில் எழுதியிருந்தாள். நான் எழுதியதற்கு அது நேர் எதிர். அந்த ராத்திரிகளில் அவள் வீட்டில் என்ன நடந்தது, அவள் மாமனார் அவளிடம் என்ன கேட்டார் என்பதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது. இரண்டும் இப்போது ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடியில் அவளும் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருக்கிறாள். அண்ணனுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அவர் 2007-லேயே போய்விட்டார். அவருக்கான ஓரம் காலியாக இருக்கிறது.

படப்பைக்கு வந்தது 2011-ல். பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை. நான் வந்த புதிதில் எழுதிய பக்கங்களில் பாதி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பற்றித்தான். எத்தனை லாரி, கார்களை அடுக்கிக்கொண்டு போகும் அந்த நீள லாரிகளில் ஒன்று கடக்க எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும், எந்த வயலில் எப்போது மனைக்கல் நட்டார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது, ஸ்ரீபெரும்புதூரில் அதற்கு முன்பே செங்கொபேன் கண்ணாடித் தொழிற்சாலை. ரெனோ என்ற பெயரை இங்கே எல்லோரும் ரெனால்ட் என்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன், இப்போது நானும் ரெனால்ட் என்கிறேன்.

2015 டிசம்பர் பக்கங்களைப் பார்த்தால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகிய நாட்கள். எங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது, எத்தனை மணிக்கு வடியத் தொடங்கியது என்று மணிக்கணக்கில் இருக்கிறது. போன வருஷம் எதிர்வீட்டுக்காரர் புதுசாக வீடு கட்ட அஸ்திவாரம் போடும்போது வந்து கேட்டார். நோட்டை எடுத்துக் காட்டினேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தப் படிக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னார். போர்வெல் எத்தனை அடியில் தண்ணீர் கண்டது என்று கேட்டும் வந்திருக்கிறார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான், என் மருமகளுக்கு மிகவும் பிடித்த பதில்.

பேரப் பிள்ளைகளுக்கு என் கையெழுத்து படிக்க வராது. பெரியவன் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பான், அச்செழுத்து என்றால். கூட்டெழுத்தைப் பார்த்தால் மருத்துவர் சீட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறான். அதனால் இரண்டு வருஷமாகப் பழைய நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வருகிறேன். 1983 வரை வந்திருக்கிறேன். இந்த வேகத்தில் போனால் முடிக்க எனக்கு 100 வயது ஆக வேண்டும். ஓரத்தில் என் மனைவி எழுதிய பென்சில் குறிப்புகளை எப்படித் தட்டச்சு செய்வது என்றுதான் புரியவில்லை. சாய்வெழுத்தில் போட்டேன். "பொய்" என்பது சாய்வெழுத்தில் கொஞ்சம் மரியாதையாகத் தெரிகிறது.

சென்ற தை மாதம் சித்தப்பாவின் பேத்தி பிரான்சிலிருந்து தொலைபேசியில் பேசினாள். முப்பது வயதுப் பெண், தமிழ் தெரியாது. அவளுடைய தாத்தா கடைசிக் காலத்தில் அண்ணா, அண்ணா என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். தன் அண்ணன் ஏன் தன்னோடு வரவில்லை என்று அவருக்கும் தெரியாதாம். அவர்கள் வீட்டுக் கதை வேறு: அப்பா வர மறுத்துத் தம்பியைத் துரோகி என்று சொன்னாராம். அது எங்களில் யாருமே கேள்விப்படாத நான்காவது கதை. "உங்களிடம் ஏதாவது காகிதம் இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அப்பாவின் 1963 நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, இந்த முறை வரி வரியாகப் பார்த்தேன். பிப்ரவரி முதல் வாரத்தில், விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில், "மனு எழுதக் காகிதம் 2" என்று ஒரு வரி. இதைப் பல தடவை கடந்து போயிருக்கிறேன். ஏதோ ஆபீஸ் காகிதம் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு. தம்பிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பின்னட்டையின் துணி உறை பிரிந்து உப்பலாக இருந்தது, அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தால் மேலே அப்பா கையெழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி: கீழே கையொப்பமிடும் நான், பிறகு அவர் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. பிறந்த ஊர் எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி, வேறு மையில், மாசி மாதத்து மளிகைச் சீட்டு.

எந்தக் கதைக்கும் அது சாட்சி ஆகாது என்று அவளுக்குச் சொன்னேன். தொடங்கினார், நிறுத்தினார், அவ்வளவுதான் காகிதம் சொல்கிறது. ஆனால் துரோகி என்று திட்டுகிறவர் தம்பிக்கும் சேர்த்துக் காகிதம் வாங்கி வந்திருக்க மாட்டார் என்று நான் நினைப்பதையும், அது என் நினைப்புதான் என்பதையும் சொன்னேன். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பி, மளிகைச் சீட்டைப் பிரெஞ்சில் பெயர்த்தும் கொடுத்தேன். துவரம் பருப்பு 2 படி, வெல்லம் 1 வீசை, புளி, நல்லெண்ணெய் என்று போகிறது.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ஒரு படி என்றால் எவ்வளவு என்று கேட்டிருந்தாள்.